ஒரு தள்ளு, சில கணக்கேடுகள், இருபது அணிகள்: பிரான்சின் லீக் 2, 2022-23

2023 ஜூன் 2, வெள்ளிக்கிழமை இரவு. போர்தோ நகரின் பெரிய மைதானம் நிரம்பிக் கிடக்கிறது. பிரான்சின் இரண்டாம் நிலைக் கால்பந்துப் போட்டியான லீக் 2-வின் கடைசிச் சுற்று. உள்ளூர் அணி ஜெயித்து, வேறொரு மைதானத்தில் மெட்ஸ் என்ற அணி சறுக்கினால், முதல் நிலையான லீக் 1-க்குத் திரும்பிவிடலாம். எதிரே நிற்பது ரோடெஸ், தெற்குப் பிரான்சின் மேட்டு நிலத்தில் இருக்கும் சின்ன ஊர். அவர்களுக்குக் கீழே விழாமல் தப்பித்தால் போதும். 22-வது நிமிடத்தில் ரோடெஸின் லூக்கா புவாதேஸ் கோல் போடுகிறார். போர்தோவின் தீவிர ரசிகர்கள் உட்காரும் பக்கத்திலேயே அவர் கொண்டாட, கூட்டத்திலிருந்து ஒருவர் இறங்கி வந்து அவரை ஒரு தள்ளு தள்ளுகிறார். புவாதேஸ் விழுகிறார். தலையில் அடிபட்ட அதிர்ச்சி என்று மருத்துவர்கள் சொல்ல, நடுவர் இரு அணிகளையும் உள்ளே அழைத்துப் போகிறார். ஒரு மணி நேரத்துக்கு மேல் காக்க வைத்த பிறகு அறிவிப்பு வருகிறது: ஆட்டம் இனித் தொடராது.

அந்தத் தள்ளில் யாருக்கு அதிக அடி என்று கேட்டால், புவாதேஸை விட்டால், அந்த இரவில் போர்தோ பக்கமே வராத ஓர் அணிக்குத்தான். அதன் பெயர் அன்னெசி. ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் ஏரிக்கரையில் இருக்கும் அழகான ஊர். அவர்கள் கதைக்கு வருவதற்கு முன்னால் அந்த சீசன் எப்படிப் பின்னப்பட்டிருந்தது என்று பார்த்துவிடலாம். ஏனென்றால் 2022-23 லீக் 2-வை வெறும் புள்ளிப் பட்டியலை வைத்துப் புரிந்துகொள்ள முடியாது. அதில் பாதி மைதானத்தில் எழுதப்பட்டது, மீதி மேசைகளில்.

மேலே கதவு குறுகியது, கீழே அகலமானது

இரண்டு லீக்கிலும் 20 அணிகள் இருந்த காலத்தில், வழக்கமான ஆண்டில் லீக் 2-வின் முதல் இரண்டு அணிகள் நேராக மேலே போகும். மூன்று, நான்கு, ஐந்தாம் இடங்களில் இருப்பவை தங்களுக்குள் ப்ளே-ஆஃப் ஆடி, ஜெயித்த அணி லீக் 1-இன் 18-வது அணியோடு மோதும். கீழேயும் அதேபோல் கடைசி இரண்டு அணிகள் நேராக இறங்கும், 18-வது அணிக்கு இன்னொரு வாய்ப்பு இருக்கும்.

2022-23இல் இந்த வழக்கம் இல்லை. 2021 ஜூனில் பிரான்சின் தொழில்முறை லீக் அமைப்பு, லீக் 1-ஐ 20 அணிகளிலிருந்து 18 ஆக்குவது என்று வாக்களித்திருந்தது. லீக் 2-வும் ஓராண்டு தள்ளி, 2024-25 முதல் 18 ஆகும். இதற்காக அந்த ஆண்டு லீக் 1-இலிருந்து நான்கு அணிகள் இறங்கும், லீக் 2-விலிருந்து இரண்டு மட்டும் ஏறும். ப்ளே-ஆஃப் கிடையாது. லீக் 2-வின் அடியிலிருந்து நான்கு அணிகள் மூன்றாம் நிலையான நாஷனலுக்குப் போக வேண்டும்.

இந்த முடிவுக்குப் பின்னால் இருந்தது தொலைக்காட்சிப் பணம். 2018இல் மீடியாப்ரோ என்ற நிறுவனம் ஆண்டுக்கு 80 கோடி யூரோவுக்கு மேல் தருவதாக, 2020 முதலான ஒளிபரப்பு உரிமையை எடுத்தது. 2020இல் ஒளிபரப்பு தொடங்கிய சில மாதங்களிலேயே தவணையைக் கட்டாமல் நின்று, அந்த ஆண்டு முடிவதற்குள் ஒப்பந்தமே முறிந்தது. அடுத்து அமேசான் வந்து பெரும்பகுதி ஆட்டங்களை எடுத்துக்கொண்டது. தந்த தொகை ஆண்டுக்குச் சுமார் 25 கோடி. அந்தப் பணத்தை நம்பிச் சம்பளம் பேசியிருந்த கிளப்கள் திணறின. பானை சின்னதானால் பந்தியில் ஆளைக் குறை என்பதுதான் லீக் தலைமையின் கணக்கு. அந்தக் கணக்கு தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பந்தியிலிருந்து எழுப்பப்படுவது எப்போதும் கடைசி இலையில் உட்கார்ந்தவர்தான்.

இந்த விதிமாற்றத்தின் விளைவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மூன்றாம் இடத்தில் முடிக்கும் அணிக்கு வழக்கமாக இன்னும் ஒரு கதவு திறந்திருக்கும். அந்த ஆண்டு அதற்கு ஒன்றுமே இல்லை. 17-வது இடம் வழக்கமாகப் பத்திரமான இடம். அந்த ஆண்டு அது பள்ளம். கடைசி இரவில் போர்தோவுக்கும் ரோடெஸுக்கும் இருந்த பதற்றம் இங்கேதான் தொடங்குகிறது.

பத்தொன்பது கோல்

சண்டை சச்சரவுகளுக்கு முன், அந்த சீசனின் நல்ல கால்பந்தைச் சொல்லிவிட வேண்டும். சாம்பியன் லெ ஆவ்ர். ஆங்கிலக் கால்வாய் ஓரத்தில் இருக்கும் துறைமுக நகரம். 1872இல் தொடங்கியது என்று கிளப் சொல்லிக்கொள்கிறது. பிரான்சின் மிகப் பழைய கிளப் என்ற பெருமை அதற்கு. அங்கே வந்து தங்கியிருந்த ஆங்கிலேயர்கள் தொடங்கியது. வெளிர்நீலம், கருநீலம் என்ற அதன் நிறங்கள்கூட ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களிடமிருந்து வந்தவை. கோப்பைகளைவிட ஆட்களை வளர்த்துவிட்டதில்தான் இந்த கிளப்புக்குப் பேர். பால் போக்பா, திமித்ரி பாயே, லசானா தியாரா, ஸ்டீவ் மந்தந்தா எல்லாம் சின்ன வயதில் இங்கே ஓடியவர்கள். ரியாத் மாரெஸும் இங்கிருந்துதான் லெஸ்டர் போனார். மொரீஷியஸ் வழி இந்திய வம்சாவளியினரான விகாஷ் தொராசூ, பக்கத்து ஊரான ஆர்ஃப்ளரில் பிறந்து, லெ ஆவ்ரில் தொடங்கி, 2006 உலகக் கோப்பையில் பிரான்சுக்காகக் களமிறங்கியவர். இவ்வளவு பேரை வளர்த்த கிளப், 2009இல் லீக் 1-இலிருந்து இறங்கிய பின் பதினான்கு ஆண்டுகளாக ஏறவே இல்லை.

2022 கோடையில் ஸ்லோவேனியரான லூக்கா எல்ஸ்னர் பயிற்சியாளராக வந்தார். முன்னாள் வீரர் மத்தியூ போத்மெர் அணியைக் கட்டும் பொறுப்பை எடுத்தார். 38 ஆட்டங்களில் 20 வெற்றி, 15 டிரா, 3 தோல்வி. 75 புள்ளிகள். போட்ட கோல் 46, வாங்கிய கோல் 19. இரண்டு ஆட்டத்துக்கு ஒரு கோல்தான் வாங்கியிருக்கிறார்கள்! கோல்கீப்பர் ஆர்தர் தெமா. முன்னால் நடுத் தடுப்பில் அரூனா சங்காந்தே, பிரெஞ்சு அணியின் முன்னாள் கேப்டன் ஊகோ லோரிஸின் தம்பி கோத்தியே லோரிஸ் போன்றவர்கள். இன்னொரு வேடிக்கை: அந்த 46 கோலில் 6 ஒரே ஆட்டத்தில் வந்தவை. ஆகஸ்டில் சான்-எத்தியெனுக்குப் போய், அவர்கள் வீட்டிலேயே 6-0 என்று அடித்தார்கள். அதைக் கழித்துப் பார்த்தால் 37 ஆட்டத்தில் 40 கோல், கிட்டத்தட்ட ஆட்டத்துக்கு ஒன்று. கண்ணைப் பறிக்கும் ஆட்டம் கிடையாது. ஆனால் தோற்காமல் இருப்பது ஒரு தொழில். அதை அவர்கள் சுத்தமாகச் செய்தார்கள். கடைசி இரவில் திஜோனை 1-0 என்று வென்று பட்டத்தை எடுத்ததும் அதே பாணியில்தான்.

இரண்டாம் இடம் மெட்ஸுக்கு. எழுத்தில்தான் மெட்ஸ், பிரெஞ்சுக்காரர் வாயில் அது ‘மெஸ்’. முந்தைய ஆண்டுதான் லீக் 1-இலிருந்து இறங்கிய அணி. பயிற்சியாளர் லாஸ்லோ போலோனி ருமேனியாக்காரர், அந்த மார்ச்சில் எழுபது வயதைத் தொட்டவர். 1986இல் ஸ்டௌவா புக்கரெஸ்ட் வீரராக ஐரோப்பியக் கோப்பை வென்றவர். பிறகு ஸ்போர்ட்டிங் லிஸ்பனில் பதினேழு வயது கிறிஸ்டியானோ ரொனால்டோவை முதன்முதலில் சீனியர் அணியில் இறக்கியவர். அவர் அணியில் இருந்த துருப்புச்சீட்டு ஜார்ஜ் மிக்கவுதாட்சே. லியோனில் பிறந்த ஜார்ஜிய வீரர். அந்த சீசனில் 23 கோல், லீக்கிலேயே அதிகம். சீசன் முடிந்ததும் அயாக்ஸ் அவரை வாங்கிக்கொண்டது.

மூன்றாவதாக வந்த போர்தோவுக்கு இங்கே நிதானமாக நிற்க வேண்டும்.

கணக்கேடு பார்ப்பவர்கள்

பிரான்சில் கிளப்களின் வரவு செலவைச் சரிபார்க்க டிஎன்சிஜி என்ற ஓர் அமைப்பு இருக்கிறது. ஒவ்வொரு கோடையிலும் ஒவ்வொரு தொழில்முறை கிளப்பும் அங்கே போய் உட்கார்ந்து, வரும் சீசனுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று காட்ட வேண்டும். திருப்தி இல்லாவிட்டால் சம்பளச் செலவுக்கு உச்சவரம்பு போடுவார்கள், புது வீரர்களை வாங்கத் தடை போடுவார்கள். கடைசி ஆயுதம், மைதானத்தில் எத்தனையாவது இடம் பிடித்திருந்தாலும் ஒரு படி கீழே இறக்கிவிடுவது. மேல்முறையீடு உண்டு. அதிலும் தோற்றால் தேசிய ஒலிம்பிக் குழுவிடம் சமரசம் கேட்கலாம். அந்தக் குழுவின் பரிந்துரையை ஏற்பதா வேண்டாமா என்று கால்பந்துச் சம்மேளனம் முடிவு செய்யும். அதற்கும் மேலே நீதிமன்றம்.

போர்தோ இந்தப் படிகளையெல்லாம் 2022 கோடையிலேயே ஏறி இறங்கியிருந்தது. ஆறு முறை பிரெஞ்சு சாம்பியன். ஜிதானும் லிசராசுவும் துகாரியும் ஆடிய கிளப். 2018இல் அமெரிக்க முதலீட்டாளர்களிடம் போனது. 2021 வசந்தத்தில் அவர்கள் இனிப் பணம் தர மாட்டோம் என்று கையை விரிக்க, கிளப் நீதிமன்றப் பாதுகாப்பைத் தேடியது. அந்தக் கோடையில் தொழிலதிபர் ழெரார் லோபெஸ் வாங்கினார். அடுத்த சீசன் முடிவில் 91 கோல் வாங்கி லீக் 1-இன் கடைசி இடம். அங்கேயிருந்து லீக் 2-வுக்கு இறங்க வேண்டிய அணியை டிஎன்சிஜி ஒரேயடியாக மூன்றாம் நிலைக்கு இறக்க உத்தரவிட்டது. மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்பு. கடன் கொடுத்தவர்களோடு புது ஏற்பாடு செய்துகொண்டு, ஒலிம்பிக் குழுவின் சாதகமான பரிந்துரையைக் கையில் பிடித்துக்கொண்டு, ஜூலை கடைசி வாரத்தில்தான் சம்மேளனத்திடம் லீக் 2 அனுமதியை வாங்கியது. சீசன் ஜூலை 30 அன்று தொடங்கியது. அதாவது, பந்து உருளும் வாரத்தில்தான் போர்தோ எந்தப் போட்டியில் ஆடும் என்றே தெரிந்தது.

(போர்தோவுக்கு இது முதல் அனுபவமும் இல்லை. 1991இல் பத்தாவது இடத்தில் முடித்தும் கடன் காரணமாக இரண்டாம் நிலைக்கு இறக்கப்பட்டது. ஓராண்டில் திரும்பி வந்துவிட்டது. அந்த நினைவுதான் 2022இலும் ரசிகர்களை மைதானத்துக்கு இழுத்தது என்று நினைக்கிறேன்.)

பயிற்சியாளர் தாவித் கியோன் கைக்கு எட்டிய ஆட்களை வைத்துக்கொண்டு அணியை மேல் வரிசைக்குக் கொண்டுவந்தது சின்ன வேலை இல்லை. சீசனின் பெரும்பகுதி போர்தோ முதல் மூன்று அணிகளோடு ஒட்டிக்கொண்டே வந்தது. கடைசிக்கு முந்தைய சுற்றில்தான் வழுக்கல். ஆடியது அன்னெசியில். அங்கே தோற்றார்கள். அதே நாளில் ஜெயித்த மெட்ஸ், இரு அணிகளும் 69 புள்ளிகளில் நிற்க, கோல் வித்தியாசத்தில் முன்னால் போய்விட்டது. ரோடெஸுடனான ஆட்டத்துக்கு முன்பே போர்தோவின் விதி அதன் கையில் இல்லாமல் போனது இப்படித்தான்.

மேசை எழுதிய கடைசி வரிகள்

அந்த இரவில் மெட்ஸ், பாஸ்தியாவை 3-2 என்று வென்றது. லெ ஆவ்ரும் வென்றது. ஆகவே போர்தோ, ரோடெஸை வழக்கம்போல ஒன்றிரண்டு கோலில் ஜெயித்திருந்தாலும் மேலே போயிருக்க முடியாது. தள்ளிய ரசிகர் தன் அணியிடமிருந்து பறித்தது நடைமுறையில் கௌரவத்தைத்தான். ஆனால் ரோடெஸின் மூன்று புள்ளிகள் நிஜம், அதன் எடை வேறெங்கோ விழும்.

ஜூன் 12 அன்று ஒழுங்குக் குழு தீர்ப்புச் சொன்னது. ஆட்டம் போர்தோவுக்குத் தோல்வி, ரோடெஸுக்கு வெற்றி. அடுத்த சீசனில் போர்தோ ஒரு புள்ளி குறைவாகத் தொடங்க வேண்டும். ரோடெஸ் தப்பியது. 17-வது இடத்துக்குத் தள்ளப்பட்டு, நாஷனலுக்கு இறங்கும் நான்காவது அணியானது அன்னெசி.

அன்னெசி மக்கள் கொதித்ததில் நியாயம் இருந்தது. 2022இல்தான் நாஷனலிலிருந்து ஏறி வந்த அணி. மார்ச் மாதம் பிரெஞ்சுக் கோப்பைக் கால் இறுதியில் மார்செய்யை அவர்கள் சொந்த மைதானத்திலேயே பெனால்டி ஷூட்அவுட்டில் வீழ்த்தி, அரையிறுதியில் துலூஸிடம்தான் தோற்றது. ஒரு வாரம் முன்பு போர்தோவை ஜெயித்தும் காட்டியது. இப்போது 22 நிமிடம் மட்டுமே நடந்த ஓர் ஆட்டத்துக்கு 90 நிமிட வெற்றியின் விலை கொடுத்து, அந்தச் செலவைத் தன் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். ரோடெஸ் பக்கமும் ஒரு வாதம் உண்டு. அவர்கள் முன்னிலையில் இருந்தார்கள், அவர்கள் ஆளைத்தான் தள்ளினார்கள், பாதுகாப்புக்குப் பொறுப்பு மைதானத்துக்காரர்கள். மறு ஆட்டம் வைத்திருந்தால், தப்புச் செய்த பக்கத்துக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்ததாக ஆகியிருக்கும். என்னைக் கேட்டால் தீர்ப்பு சரி. 17-வது இடத்தைப் பள்ளமாக்கிய ஆண்டில் அது யாரைக் கீழே தள்ளியது என்பதுதான் கசக்கிறது. வழக்கமான ஆண்டாக இருந்தால் அன்னெசி, ரோடெஸ் இரண்டுமே தப்பியிருக்கும், இந்த வழக்கை ஒரு வாரத்தில் மறந்திருப்பார்கள்.

மற்ற மூன்று அணிகள் திஜோன், நீம், நியோர். அவற்றைப் பற்றிச் சர்ச்சை ஒன்றும் இல்லை. திஜோனும் நீமும் 2021இல் லீக் 1-இன் கடைசி இரண்டு இடங்களைப் பிடித்து ஒன்றாக இறங்கியவை. இரண்டு ஆண்டு கழித்து மறுபடியும் ஒன்றாகவே மூன்றாம் நிலைக்குப் போயின. துணைக்குத் துணை.

அப்புறம் வந்தது யாரும் எழுதியிராத திருப்பம். சோஷோ என்ற அணி ஒன்பதாவது இடத்தில் முடித்திருந்தது, குளிர்காலத்தில் ஏறும் அணிகளில் ஒன்றாகக்கூடப் பேசப்பட்டது. பெஜோ கார் நிறுவனம் 1928இல் தன் தொழிற்சாலை ஊரில் தொடங்கிய கிளப் அது. அணியின் சின்னத்தில் இருப்பதும் பெஜோவின் சிங்கம்தான். பிரான்சில் கால்பந்து அதிகாரபூர்வமாகத் தொழிலானபோது வழி காட்டியதே சோஷோ. ஆனால் 2015இல் பெஜோ அதை விற்றுவிட்டது. கை மாறிக் கை மாறி 2020இல் சீனாவின் நென்கிங் குழுமத்திடம் வந்தது. அந்தக் குழுமத்தின் தொழில் ரியல் எஸ்டேட். சீனாவில் அந்தத் துறையே சரிந்துகொண்டிருந்த நேரத்தில், கிளப்புக்குத் தருவதாகச் சொன்ன பணம் வரவில்லை. டிஎன்சிஜி சோஷோவை நாஷனலுக்கு இறக்கியது. ஜூலையில் மேல்முறையீட்டிலும் அது உறுதியானது. கிளப் மொத்தமாக மூடப்படும் நிலை. பழைய தலைவர் ழான்-குலோத் பிளெசியும், உள்ளூர்க்காரர்களும், ‘சோசியோஷோ’ என்ற ரசிகர் சங்கமும் பணம் திரட்டிக் கடைசி நேரத்தில் மூன்றாம் நிலையிலாவது உயிரோடு வைத்தார்கள். ரசிகர்களே கிளப்பின் பங்குதாரர் ஆனார்கள்.

சோஷோ காலி செய்த இடத்துக்கு யார் வருவது? இறங்கியவற்றில் மேலே இருந்த அன்னெசி. ஜூனில் ஒரு குழு கீழே அனுப்பிய அணியை, கோடை முடிவதற்குள் வேறொரு குழுவின் தீர்ப்பு வேறொருவர் செலவில் மேலே கொண்டுவந்து வைத்தது. இரண்டு முறையும் அன்னெசி பந்தைத் தொடவில்லை.

சான்-எத்தியென் கதையும் இதே ரகம்தான். பத்து முறை சாம்பியனான கிளப். 2022 மே மாதம் ஒசேரிடம் ப்ளே-ஆஃபில் பெனால்டியில் தோற்று லீக் 1-ஐ இழந்த இரவில், ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கி வீரர்களை நோக்கித் தீப்பொறிக் குழல்களை எறிந்தார்கள். அதற்குத் தண்டனையாக மூன்று புள்ளிகள் குறைவாக லீக் 2-வைத் தொடங்க வேண்டி வந்தது. சில ஆட்டங்களை வெற்று மைதானத்தில் ஆட வேண்டியும் வந்தது. லெ ஆவ்ரிடம் வாங்கிய அந்த ஆறு கோல் இந்தக் காலத்தில்தான். அடி மட்டத்தில் கிடந்துவிட்டு, இரண்டாம் பாதியில் எழுந்து எட்டாவதாக முடித்தார்கள். அடுத்த ஆண்டு ப்ளே-ஆஃப் திரும்பி வந்தது. அதில் மெட்ஸை வென்று லீக் 1-க்குப் போனது இதே சான்-எத்தியென். மெட்ஸுக்கு மேலே கிடைத்தது ஒரே ஒரு ஆண்டு.

போர்தோ, 2023-24ஐ ஒரு புள்ளி குறைவாகத் தொடங்கிப் பன்னிரண்டாவதாக முடித்தது. 2024 கோடையில் மறுபடியும் டிஎன்சிஜி முன்னால் போய் நின்றது. லிவர்பூலின் உரிமையாளர்களான ஃபென்வே குழுமம் வாங்கலாம் என்ற பேச்சு நடந்து, முறிந்தது. இந்த முறை லோபெஸ் மேல்முறையீட்டைக் கைவிட்டார். கிளப் தன் தொழில்முறை அந்தஸ்தையே விட்டுக்கொடுத்தது, இளைஞர் பயிற்சி மையத்தை மூடியது, நான்காம் நிலையான நாஷனல் 2-வுக்கு இறங்கியது. அந்த ஆகஸ்டில் 18 அணிகளோடு லீக் 2 தொடங்கியபோது பட்டியலில் ரோடெஸ் இருந்தது, அன்னெசியும் இருந்தது.